கடிகாரம் மறைத்த முகம்

காந்திமதியின் கணவன் சிங்காரவேலு ராஜஸ்தானுக்குப் போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. நெய்வேலிச் சுரங்கத்தில் பதினோரு வருஷம் காண்ட்ராக்ட் வெல்டராக இருந்தவன். ராஜஸ்தான் சுரங்கத்தில் இரண்டு வருஷ வேலை என்று காண்ட்ராக்டர் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டான். மந்தாரக்குப்பத்து வாடகை வீட்டில் அவள் மட்டும்தான். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள் என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் டைப் செய்து கொடுப்பாள்.

அந்த 2017 கோடையில் அதற்கு விண்டோஸ் பத்து போட்டார்கள். அதிலிருந்து, பாஸ்வேர்டு போடும் முன் வரும் லாக் ஸ்கிரீனில் புதுசு புதுசாக ஏதோ ஒரு ஊர் வந்தது. பனிமலை, ஏரி, பெயர் தெரியாத கடற்கரை. ஒருநாள் மணல்மேடு வந்தது. காற்று கோடு கிழித்த மணல், ஆள் நடமாட்டமே இல்லை. எந்த நாட்டுப் பாலைவனமோ. காந்திமதி பாஸ்வேர்டு போடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் மணல் போய் பென்குயின் கூட்டம் நின்றது.

அன்றைக்கே செட்டிங்ஸுக்குள் போனாள். லாக் ஸ்கிரீன் என்ற இடத்தில், தானாக மாறும் படங்களை நிறுத்திவிட்டு 'பிக்சர்' என்று வைத்தாள். இனி அவன் படம் வேண்டும். ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடினாள். வடலூர் தைப்பூசம், தங்கை கல்யாணம், கடலூர் கடற்கரை, எல்லாவற்றிலும் அவள்தான் இருந்தாள். எடுத்தவன் அவன்.

அவன் சாப்பிடும் நேரம் பார்த்து போன் செய்தாள்.

"உங்க போட்டோ ஒண்ணு அனுப்புங்க."

"எதுக்கு? ஆதார்லதான் இருக்கே."

"அத யாராவது வச்சிப் பாப்பாங்களா? கம்ப்யூட்டர்ல வைக்கணும்."

"கருத்துப் போயிருக்கேன் புள்ள."

"பரவால்ல, அனுப்புங்க."

மூன்று நாள் கழித்து வந்தது. எடுத்தவருக்கு அங்கே நின்ற ராட்சதச் சுரங்க இயந்திரத்தை முழுசாக எடுக்க ஆசை போலிருக்கிறது. அதன் காலடியில், இடது மூலையில், கையுறையைக்கூடக் கழற்றாமல் சின்னதாக நின்றிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. தாடி விட்டதை அவன் சொல்லவே இல்லை.

வைத்துப் பார்த்தாள். மணியும் தேதியும் கீழே இடப்பக்கம் பெரிதாக வந்து அவன் முகத்தின் மேலேயே உட்கார்ந்தன. பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை நூலளவு நகர்த்தத் தெரிந்தவளுக்கு அந்தக் கடிகாரத்தை நகர்த்த வழி கிடைக்கவில்லை. படத்தை வெட்டிப் பெரிதாக்கினாள். முகம் கலங்கலாகிப் போனது.

"ஏங்க, மணி வந்து உங்க மூஞ்சிய மறைக்குது. வலப்பக்கமா நின்னு கிட்டக்க எடுக்கச் சொல்லுங்க."

அவன் சிரித்தான். "ஸ்டுடியோக்காரன் மாரி சொல்றியே."

"சொன்ன மாரி நில்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை அடுத்தது வந்தது. குளித்து, தாடியை மழித்து, போகும்போது அவள் மடித்து வைத்துக் கொடுத்த கட்டம்போட்ட சட்டையில் வலது ஓரமாக நின்றிருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. இடப்பக்கம் இன்னோர் ஆள் நிற்கிற அளவுக்கு வெறும் மணல். கூடவே அவன் குரலும் வந்தது. "நீ சொன்ன மாரியே எடம் வுட்டு நின்னுகினு இருக்கேன். சரியா இருக்குதா பாரு."

சரியாகத்தான் இருந்தது. கடிகாரம் மணலில் விழுந்தது, அவனைத் தொடவில்லை. காந்திமதி அந்த வெற்றிடத்தைத்தான் வெகுநேரம் பார்த்தாள். பிறகு போன் செய்தாள்.

"வூட்டுக்கு எப்ப வரீங்க?"

"தீவாளிக்குக் கேட்டுகினுதான் இருக்கேன். பொங்கலுக்குத்தான் வுடுவாங்க போல."

அவள் சுவர் காலண்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"போட்டோ நல்லா இருக்குதா?"

"எளைச்சிட்டீங்க," என்றாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுச் செங்கமலம், மகள் வளைகாப்புப் பத்திரிகை அடிக்க வந்தாள். காந்திமதி திரைக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் ஆன் ஆவலியா?"

"ஆயிடிச்சிக்கா. செத்த ஒக்காருங்க."

ஒரு நிமிஷத்தில் திரை தானாக அணைந்தது. காந்திமதி விசையைத் தட்டினாள். அவன் மறுபடி வந்து நின்றான். செங்கமலம் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல், கையிலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.