சொந்த ரத்தம்

பினாங்குத் தீவில் சுங்கை பினாங் அடுக்குமாடியில் குடியிருக்கும் தங்கராஜுவின் வலது கணுக்காலில் இருந்த புண் எப்போதும் கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஜுருவைப் பார்த்தே இருந்தது. அவர் எப்படித் திரும்பிப் படுத்தாலும், விடிவதற்குள் புண் காலைச் சுற்றி நகர்ந்து அந்தப் பக்கம் வந்துவிடும். பக்கத்து வீட்டு அப்துல் ரசாக் கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னார். போட்டார்கள். புண்ணும் இடம் மாறிக்கொண்டது. இனிப்பு நீர் வியாதி உள்ளவர்களுக்கு இப்படி ஏதாவது இருக்கத்தான் செய்யும் என்று அதோடு விட்டுவிட்டார்கள்.

ஜுருவில் இருந்தது தங்கை சந்திரிகா. வேதக்காரப் பையன் பெஞ்சமினைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து தங்கராஜு அவளோடு பேசுவதில்லை. பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வீம்பு ஆறாத புண்ணிடம் மட்டும் பலிக்கவில்லை. காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அதற்குமுன், ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றி, பிரிந்து வரும் மஞ்சள் நீரைக் கூழாக்கிப் புண்ணில் வைத்துப் பார்க்கலாம் என்றார். நர்ஸ் ரூபினி வீட்டுக்குப் போன் போட்டு, "சொந்த ரத்தம்தான் வேணும் அக்கா, மத்தவங்களோடது வேணாம்" என்றாள். தங்கராஜுவின் மனைவி, புருஷனோடு பிறந்த ஒரே சொந்த ரத்தத்தை உடனே ஜுருவிலிருந்து வரவழைத்துவிட்டாள்.

சந்திரிகா தொழிற்சாலையில் லீவு போட்டு, பாலம் தாண்டி வந்து, ஆஸ்பத்திரியில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ரூபினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயோ அக்கா, அண்ணனோட ரத்தத்த அண்ணனுக்கே வைக்கிறது லா!" சந்திரிகாவுக்கு முகம் சுண்டிப்போனது. தங்கராஜு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய ரத்தத்தை எடுத்துச் சுழற்றினார்கள். பிரியவில்லை. இன்னொரு முறை சுழற்றினார்கள். குழாயில் மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. டாக்டர் இயந்திரத்தைத் திட்டினார், வேறு இயந்திரம் கொண்டுவந்தார், கடைசியில் காலை எடுக்க நாள் பார்க்கச் சொன்னார். சந்திரிகா பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டாள். தங்கராஜு சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"இன்னும் இல்லண்ணே" என்றாள் சந்திரிகா. திரும்பி வந்து உட்கார்ந்து, சட்டைக் கையை மறுபடி மடித்துவிட்டாள்.

எல்லாச் சோதனைகளும் முடிந்தபின் டாக்டர் அவள் ரத்தத்துக்குச் சம்மதித்தார். ஒரே சுற்றில் மஞ்சள் நீர் தெளிவாகப் பிரிந்து மேலே நின்றது. தீபாவளிக்குள் புண் மூடிவிட்டது.

இப்போது தங்கராஜு காய்கறி வாங்கப் பாசாருக்கு நடந்தே போகிறார். ஆனால் சந்திரிகா அங்கே தொழிற்சாலையில் வெகுநேரம் நின்று வேலை பார்த்தால், இங்கே இவருக்குக் கணுக்கால் வலிக்கும். உடனே போன் போட்டு, "கொஞ்சம் உக்காரேம்மா" என்பார். சூப்பர்வைசர் ஹைக்கல் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டுவைத்திருக்கிறார்.