பழுப்பு நிறக் குழல்

மச்சான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. அவர் வீட்டுக்கு வெள்ளையடித்தால் தெருவே கண் கூச வேண்டும். அப்படிப்பட்டவர், காலமான அப்பாவின் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்து, தங்கை கணவரின் பட்டறை மேசையில் வைத்தார்.

“மாப்பிள்ள, முகம் தெரியணும். அப்படித் தேய்ச்சுக் குடுங்க. ஹால்ல மாட்டப்போறேன்.”

பழைய துப்பாக்கிகளைச் சுத்தம் செய்வதையே பிழைப்பாகக் கொண்ட மாப்பிள்ளை குழலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குழலில் இருந்த பழுப்பு அழுக்கு இல்லை, வேண்டுமென்றே ஏற்றிய நிறம். சுரண்டினால் போனது போனதுதான்.

“துருவை மட்டும் எடுக்குறேன் மச்சான். பழுப்பு இருக்கட்டும்.”

“பழுப்பும் துருதானே? யார்கிட்ட கதை விடுறீங்க?”

கொடுமை என்னவென்றால், அதுவும் உண்மைதான். துருவை வளர்த்து, அடக்கித்தான் அந்த நிறத்தை உண்டாக்குவார்கள். இதை விளக்கப்போய் மாப்பிள்ளை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

“அப்ப நான் சொன்னது சரிதான். நாளைக்கு வருவேன். பளபளன்னு இல்லைன்னா மெஷின்ல பாலிஷ் போடுற கடைக்குக் கொண்டுபோயிடுவேன்.”

“எங்க அண்ணனுக்குக் குரங்குப்பிடிங்க” என்றாள் மனைவி. அது அவருக்கும் தெரியும்.

குண்டு இல்லை என்று மறுபடியும் பார்த்துக்கொண்டு, மறைவான இடத்தில் எண்ணெய் தொட்டுத் துடைத்தார். நிறம் அசையவில்லை. துருப் புள்ளிகளை எண்ணெயில் ஊறவிட்டு, மறுநாள் செப்புத் தகட்டின் முனையால் நெம்பினார். செம்பு இரும்பைவிட மென்மையானது. துரு வந்தது, நிறம் நின்றது. வேலை ஒழுங்காக நடந்தால் அவர் மூக்கால் பாடுவார். மனைவி கதவைச் சாத்திவிட்டாள்.

அழுக்கெல்லாம் போன பிறகுதான் கண்ணில் பட்டது. குழலைக் கை தாங்கும் இடத்தில் பழுப்பு தேய்ந்து வெளுத்திருந்தது. வலப்பக்கம் கட்டைவிரல், இடப்பக்கம் நான்கு விரல்கள். தன் இடது கையை வைத்துப் பார்த்தார், பொருந்தவில்லை. வலது கை பொருந்தியது. வலது கை தாங்கினால், விசையை இழுத்தது இடது கை. பாட்டு நின்றுபோனது.

மச்சான் வந்ததும் முகம் கறுத்தது. “எங்க மாப்பிள்ள பளபளப்பு?”

“இதை வேற யாராவது சுட்டிருக்காங்களா மச்சான்?”

“அப்பா புதுசா நிறம் ஏத்தித்தான் வாங்கினாரு. அப்புறம் ஒருத்தரையும் தொடவிட்டதில்ல. காட்டுக்குக்கூடத் தனியாத்தான் போவாரு.”

“சுடுற மாதிரி பிடிங்க.”

மச்சான் யோசிக்காமல் இடது தோளில் வைத்தார். மறுகணமே, திருடி மாட்டிக்கொண்டவரைப் போல வலது தோளுக்கு மாற்றினார்.

“இன்னும் பயமாண்ணா?” என்றாள் தங்கை, வாசலில் நின்றபடி. சின்ன வயதில் அவர் இடது கையில் பென்சிலை எடுத்தாலே போதும், அப்பா அளவுகோலால் விளாசிவிடுவார்.

“பழையபடி பிடிங்க மச்சான். விரல் எங்க விழுதுன்னு பாருங்க.”

மெல்ல இடது தோளுக்குக் கொண்டுபோனார். நான்கு விரல்களும் நான்கு வெளுப்புகளில் போய் உட்கார்ந்தன.

“அப்பாவுமா?”

மச்சான் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பில் கண் நிறைந்துவிட்டது.

“கள்ளன்! கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல பாரு. அவரு எத்தனை அடி வாங்கினாரோ!”

மாப்பிள்ளை மெழுகு டப்பாவைத் திறந்தார்.

“பட்டும் படாம பூசுங்க” என்றார் மச்சான். “ஹால்ல மாட்டுறப்ப, இந்த நாலு விரல் இருக்கிற பக்கம்தான் வெளிய தெரியணும்.”