இடைவேளையில் என் அண்ணன்

1

இது ஒரு கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. பிளாட் ரிவர் விவசாயக் கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்திலிருந்து ஹஸ்கின்ஸ் கூப்பிட்டார். ஹாலோவே பல்கலைக்கழகத்தோடு நாங்கள் ஆடும் நூறாவது ஆட்டம் இந்தச் சனிக்கிழமை. விழா மலருக்கு இந்தப் பகையின் வரலாறு வேண்டுமாம்.

"நீ உயிரியல் படிச்ச பொண்ணு கிரெட்டா, தப்பில்லாம எழுதுவே. கோல்பியோட தங்கச்சி வேற. படிக்கிறவங்க உருகிடுவாங்க."

உருக்கத்தான் உட்கார்ந்தேன். கோபம்தான் வந்தது. கோபத்தைக் கட்டுரையில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

2

முதல் தொடக்கம்: [நவம்பர் குளிரில், அறுவடை முடிந்த கோதுமை வயல்களின் நடுவே, இரண்டு கல்லூரிகள்]

நிறுத்திவிட்டேன். கான்சாஸில் நவம்பர் கோதுமை இளம்பச்சையாக முளைத்து நிற்கும். ஹஸ்கின்ஸுக்குப் பிடிக்கும் வாக்கியங்கள் எல்லாமே பொய்யாக வருகின்றன.

இரண்டாம் தொடக்கம்: ஹாலோவேயில் வக்கீல்கள் படித்தார்கள். எங்களிடம் மாடு வளர்ப்பவர்கள். முதல் ஆட்டத்திலேயே* அவர்கள் மாட்டு மணியை ஆட்டி எங்களைக் கேலி செய்தார்கள். அடுத்த ஆண்டு எங்கள் ஆட்கள் தொழுவத்து மணிகளைக் கழற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள், அவர்கள் காது அடைக்கும்வரை ஆட்டினார்கள். அன்றிலிருந்து அது எங்கள் மணி. கல்யாணத்துக்கு மணி பரிசு கொடுக்கிறோம். குழந்தை பிறந்தால் தொட்டிலில் கட்டுகிறோம்.

இது அழகான வரலாறு. அதனால்தான் இதைப் போட்டு எதையும் மூட முடிகிறது.

(* கால்பந்து. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவனை ஆளோடு சாய்ப்பது.)

3

கதைக்கு ஒரு நாயகன் வேண்டும். இருக்கிறான்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. கடைசி நொடிகள். இன்னும் ஒரு கஜம் போய்க் கோட்டைத் தாண்டினால் ஹாலோவே ஜெயித்துவிடும். அவர்களுடைய டெவின் ஸ்ட்ராட்டன் பந்தோடு பாய்ந்தான். என் அண்ணன் கோல்பி [வீரத்தோடு] தலையால் மோதி அவனை நிறுத்தினான். ஊரில் அதற்குப் பெயரே 'தடுப்பு'. வங்கிச் சுவரில் ஓவியமாக இருக்கிறது.

'வீரத்தோடு' என்பதை அடித்துவிட்டேன். அதற்கு முந்தைய மோதலில் கோல்பி எழுந்து, தள்ளாடி, தன் அணி என்று நினைத்து ஹாலோவே ஆட்களின் வட்டத்துக்குள் போய் நின்றான். அவர்கள் சிரித்தார்கள். எங்கள் பயிற்சியாளர் அவன் சட்டையைப் பிடித்துத் திருப்பி, மறுபடி களத்துக்குள் தள்ளினார். எல்லாம் ஆட்டத்தின் வீடியோவில் இருக்கிறது. தடுப்பை நீங்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். அரை நிமிடம் பின்னால் ஓட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

4

இங்கே ஆட்டம் நடக்கும்போதெல்லாம் இடைவேளையில் தடுப்பை நடித்துக் காட்டுவது வழக்கம். டெவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு மெதுவாக ஓடிவருவான். இப்போது டிராக்டர் விற்கிறான். கோல்பி அவனைப் பிடிப்பான். இருவரும் விழுவார்கள், எழுந்து கட்டிக்கொள்வார்கள். [பகைக்குள்ளே ஓடும் அன்பு] வேண்டாம்.

போன முறை, வெள்ளிக்கிழமை ஒத்திகையில், கோல்பி அவன் இடுப்பைப் பிடித்து, "என்னடா டெவின், தொப்பைக்குத் தனியா ஒரு சட்டையா?" என்று கேட்டான். இருவரும் புல்லில் கிடந்து சிரித்தார்கள். சனிக்கிழமை, அதே இடம், அதே இரண்டு பேர். மணிகள் அடித்தன. கோல்பியின் முகம் மாறியது. தலையைத் தாழ்த்திக்கொண்டு நிஜமாகவே பாய்ந்தான். டெவினின் தோள் எலும்பு உடைந்தது. கோல்பி படுத்தபடியே ஸ்கோர் என்ன என்று கேட்டான்.

அதைப் பார்த்த மைதானம் என்ன செய்தது தெரியுமா? இன்னும் பலமாக மணி அடித்தது. இத்தனை வருடம் கழித்தும் வெறி அடங்கவில்லையே என்று பக்கத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒத்திகைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே மாறியது ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்க உயிரியல் பட்டம் தேவையில்லை.

5

ஹாலோவே இந்த முறை டெவினை அனுப்பவில்லை. சென்ற ஆண்டுவரை ஆடிய ஒருவனை அனுப்புகிறது. டெவினே என்னைக் கூப்பிட்டுச் சொன்னான்.

"கதவு மாதிரி இருக்கான் கிரெட்டா. மெதுவா போடான்னேன். சிரிக்கிறான். மாட்டுக்காரனுக்கு நடிப்பு தெரியாதாம், இவன் சொல்லித்தரப் போறானாம். என் தோள் சேர்ந்திடுச்சு. கோல்பி தலை அப்படிச் சேராது. அவனை வீட்ல வை."

நான் ஹஸ்கின்ஸிடம் போனேன். நேரில் பேசுவது எனக்கு வராது. மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"இன்னொரு அடி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

"ஹெல்மெட் போட்டுக்கட்டும்."

"அப்பவும் போட்டுக்கிட்டுதான் இருந்தான்."

அவர் பேனாவை எடுத்து மூடினார்.

"அந்த ஒரு நிமிஷம் மணி அடிக்க வேண்டாம்னு மைக்ல சொல்லுங்க. அது போதும்," என்றேன்.

"மணியை நிறுத்தவா? நூறாவது ஆட்டத்துலயா? ஹாலோவேக்காரன்கூட இப்படிக் கேக்க மாட்டாம்மா."

6

இந்தப் பகுதியை எழுதாமல் விடப் பார்த்தேன். என் கோபத்துக்கு இது உதவாது.

கோல்பி சமையலறையில், எங்கள் ஊர் வழக்கப்படி, லவங்கப்பட்டை ரொட்டியைச் சில்லிக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"சனிக்கிழமை போகாதே," என்றேன்.

"ஏன் எலி, ஹாலோவே உன்னை வளைச்சிருச்சா?" சின்ன வயதிலிருந்தே அவனுக்கு நான் எலி.

"போன தடவை டெவின் தோளை உடைச்சுட்டே."

"டெவினையா? நானா?" ரொட்டி கையிலேயே நின்றது. "அவன் ஒண்ணும் சொல்லலையே."

"போகாதே கோல்பி."

அவன் ரொட்டியைத் தட்டில் வைத்தான். "கடைக்குப் போனா எதுக்கு வந்தேன்னு தெரியலை. சர்ச்ல எனக்குக் கை கொடுக்கறவன் பேரு தெரியலை. அந்தக் கோட்டுல நின்னா எல்லாம் தெரியுது. எங்க நிக்கணும், எவனைப் பிடிக்கணும். என்கிட்ட மிச்சம் இருக்கறது அதுதான். அதை ஏன் புடுங்கறே?"

பதில் எழுத இடம் விட்டிருந்தேன். [                    ]

7

முடிவுகள்.

ஒன்று: அவன் போகவில்லை. நம்பும்படி எழுத முடியவில்லை. அவன் வளர்ந்த ஆண்பிள்ளை, சாவி அவனிடம் இருக்கிறது.

இரண்டு: போகிறான், ஒன்றும் ஆகவில்லை, அந்தப் பையன் மனம் மாறி அவனைக் கட்டிக்கொள்கிறான். இது ஹஸ்கின்ஸின் முடிவு.

மூன்று: மண்டைக்குள் என்ன நடக்கும் என்று வரிசையாக எழுத எனக்குத் தெரியும். அதற்குத்தான் படித்தேன். எழுத மாட்டேன்.

மலரில் இது வராது. ஹஸ்கின்ஸ் இரண்டாம் தொடக்கத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். அதனால் நானே அச்சடித்து மைதானத்தின் மேற்கு வாசலில் கொடுக்கிறேன். இதை உங்கள் கையில் திணித்தவள் முகத்தை நிமிர்த்தியிருக்க மாட்டாள்.

இப்போது நீங்கள் இருக்கையில் இருக்கிறீர்கள். வாத்தியக் குழு இறங்குகிறது. கோல்பி வந்து கோட்டில் நிற்பான். அண்ணாந்து உங்களைப் பார்ப்பான். நீங்கள் அமைதியாக இருந்தால் இது நடிப்பு என்று அவனுக்குத் தெரியும். பிடிப்பான், விழுவான், அந்தப் பையனைக் கேலி செய்துகொண்டே எழுந்திருப்பான். அவனிடம் மிச்சம் இருப்பது அவனிடமே இருக்கும்.

மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் உங்களை ஹாலோவே உளவாளியைப் போல முறைப்பார். முறைக்கட்டும். அவர் கையில் உள்ளதையும் பிடியுங்கள்.

எட்டாவது பகுதியை நான் எழுதவில்லை. நான் உள்ளே வரப்போவதும் இல்லை. வாசலிலேயே நிற்பேன். நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று அங்கிருந்தே எனக்குக் கேட்கும்.