கை உயர்த்திய உபதேசியார்

1

இக்கதை ஒரு கண்டிப்பிலிருந்து பிறந்தது. இதன் முதல் வரைவைப் படித்த நண்பர், "தங்கராசுவைப் போதகர் என்று எழுதலாகாது; அவர் வெறும் உபதேசியார்" என்றார். அந்த 'வெறும்' என்னும் சொல்லுக்காகவே மீண்டும் எழுத அமர்ந்தேன்.

(அறியாதார்க்கு: உபதேசியார் என்பவர் சிற்றூர்க் கிறிஸ்தவச் சபையில் வேதம் வாசிப்பார், பாட்டு நடத்துவார், நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து ஜெபிப்பார். ஆனால் கையை உயர்த்தி ஆசீர்வதித்தல் குருப்பட்டம் பெற்ற போதகருக்கே உரியது. உபதேசியார் கைகூப்பியபடியே ஜெபத்தை முடித்தல் வேண்டும்.)

2

1964-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒருநாள், செஞ்சிக் கோட்டையின் நிழல் நீண்டு

இவ்வரியை அடித்துவிட்டேன். கோட்டைக்கு இக்கதையில் வேலை இல்லை. வேலை இருப்பது பேருந்துக்கு. மாசி அமாவாசையாதலால் வண்டிகளெல்லாம் மேல்மலையனூர்த் திருவிழாவுக்குத் திருப்பி விடப்பட்டிருந்தன; வெளியூர்ப் போதகர் வந்து சேரவில்லை. செஞ்சியை அடுத்த குடியிருப்பொன்றில், கூலியாள் பாவாடையின் உடல் குழியருகே காத்திருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

தங்கராசுதான் அடக்க ஜெபத்தை நடத்தினார். முடிவில் கைகளைக் கூப்பினார். பாவாடையின் மனைவி விருத்தாம்பாள் அவர் மணிக்கட்டைப் பற்றினாள்.

"இன்னா கும்புடுற? கையத் தூக்கி ஆசீர்வாதம் சொல்லு, போதகரே."

"எனக்கு அந்த அதிகாரம் கெடையாதும்மா. நான் உபதேசியாரு."

"அவரு ஜொரத்துல கெடந்தப்ப தெனமும் வந்து குந்திகினு இருந்தியே, அதுக்கு எவன் குடுத்தான் அதிகாரம்?"

தங்கராசு கையை உயர்த்தினார்.

(இவ்விடத்தில் அவர் உள்ளம் நடுங்கியதாக ஒரு பத்தி இருந்தது. கிழித்துவிட்டேன். அவர் நடுங்கவில்லை. வெயிலில் கண் கூசியது, அவ்வளவே.)

3

பட்டத்தைப் பற்றிச் சிறிது. நெல் மண்டி ஆதிநாதன் சமணர். அவர் தங்கராசுவைச் 'சாமி' என்பார். பேருந்து நடத்துநர் 'பாதர்' என்பார். தபால்காரருக்கு அவர் என்றும் 'போதகர்'. ஒருவரும் சான்று கேட்டதில்லை. கேட்டது அவருடைய சபைதான். அடக்கம் முடிந்த மறுநாளே, சபை நிர்வாகத்தைப் பார்க்கும் மூப்பர் கன்னியப்பன் சைக்கிளில் வந்திறங்கினார்.

"ஞாயித்துக்கெழம போதகர் வர்றாரு. அவர் முன்னாடி எழுந்து நின்னு, நான் குடுத்த ஆசீர்வாதம் செல்லாதுன்னு சொல்லிடு. இல்லன்னா வேலயும் இல்ல, சபை வீடும் இல்ல."

"அப்ப பாவாடைக்கு இன்னா கதி, மூப்பரே?"

"அவன் செத்துட்டான்யா. அவனுக்கு இனிமே ஒரு கவலயும் இல்ல. நீ உன்னப் பாரு."

4

ஒரு முடிவு எழுதினேன்: தங்கராசு மன்னிப்புக் கேட்கிறார், சபை நிம்மதி அடைகிறது. மை காயுமுன் அடித்தேன். இன்னொன்றில் போதகர் மனமிரங்கி, தங்கராசுவுக்கே பட்டம் கிடைக்க வழி செய்கிறார். இனிய முடிவு. ஆயினும், பட்டம் வந்த பிறகே அந்த ஆசி செல்லும் என்று நானும் ஒப்புக்கொண்டதாகிவிடுமே! அதனையும் அடித்தேன்.

ஆகவே நான் விலகி நிற்க, ஞாயிறு வந்தது.

போதகர் வெள்ளை அங்கியுடன் நாற்காலியில் இருந்தார். கெட்டவரல்லர், ஊர் ஊராகச் சபைகளைச் சுற்றி இளைத்தவர். தங்கராசு எழுந்தார். அவர் வாய் திறக்குமுன் பெண்கள் பக்கத்திலிருந்து விருத்தாம்பாள் எழுந்தாள்.

"செல்லாதுன்னா, என் வூட்டுக்காரரத் தோண்டி எடுங்க. மறுபடி நீங்களே பொதைங்க. மம்பட்டி நான் எடுத்தாறேன்."

"குந்தும்மா!" என்றார் கன்னியப்பன். அவள் உட்காரவில்லை.

தங்கராசு போதகரை நோக்கினார்.

"வேலய எடுத்துக்குங்க, ஐயா. வீட்டயும் சாயந்திரத்துக்குள்ள காலி பண்ணிடறேன். அந்த ஆசீர்வாதத்த மட்டும் திருப்பி வாங்க மாட்டேன். அது இப்ப என்னுது இல்ல, பாவாடையோடது."

5

போதகர் யாது விடையளித்தார் என்று கேட்பீர். எழுதமாட்டேன். அவர் இசைந்தார் என்றால், சபையின் பெருந்தன்மையைப் புகழ்ந்து நீர் தப்பிவிடுவீர். மறுத்தார் என்றால், அவரை வைதுவிட்டுத் தப்புவீர். இரண்டுக்கும் நான் இடங்கொடேன்.

திங்கட்கிழமை காலை. செஞ்சிப் பேருந்து நிலையம். தங்கராசு தட்டுமுட்டுச் சாமான்களோடு வருகிறாரா, வெறுங்கையோடு வருகிறாரா என்பதை நீரே தீர்மானித்துக்கொள்ளும். கூட்டத்தில் அவர் உம்மைக் காணாமல் கடந்து செல்கிறார். அவரை நிறுத்த உமக்கு ஒரு சொல் வேண்டும். சுற்றிலும் சபையார் சிலர் நிற்கின்றனர்.

உரக்க அழையும்.