பச்சை விளக்கு எரிந்த காது மெஷின்

பாய்லர்க்காரருக்குக் காது மந்தமாகி இரண்டு வருடம் ஆகிறது. ஆலையில் கொதிகலன் பக்கத்திலேயே முப்பத்தொரு வருடம் நின்றால் யாருக்குத்தான் ஆகாது? அடுத்த மாதக் கடைசித் திங்கட்கிழமை காதுப் பரிசோதனை, தேறாதவன் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். வேலை போனால் ஆலை கொடுத்த வீடும் போகும்.

கடைத்தெருவில் எவனையும் அவர் நம்ப மாட்டார். அதனால் போனில் ஒரு ஆப்பில் பார்த்துக் காது மெஷின் வாங்கப் போனார். இதைப் பார்த்து எதைக் கொண்டு சிரிப்பது!

"கடைக்காரன் விலாசமே இல்ல மாமா. ஆஹா ஓஹோன்னு எழுதின ஐந்நூறு பேரும் ஒரே தேதியில எழுதியிருக்கான். மத்தவன் விலையில கால்வாசி வேற. வேணாம்" என்று மருமகள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

"ஐந்நூறு பேரும் பொய் சொல்லுவானா?" என்று அவள் வாயை அடைத்தார். பணத்தையும் முன்னாடியே கட்டினார்.

மெஷின் வந்தது. மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. வீட்டில் பேசுவது, ஆலையில் பேசுவது எல்லாம் கணீரென்று கேட்டது. பத்து நாள் ராஜநடை நடந்தார். நடந்தது இதுதான்: காதில் மெஷினைப் பார்த்த எல்லோரும், பாவம் கிழவருக்குக் கேட்கட்டும் என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். பதினோராம் நாள் அவர் முதுகுக்குப் பின்னால் ஆவி வால்வு திறந்து சீறியது. ஆலை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் சாவதானமாகக் கை துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மெஷினைக் கத்தியால் பிளந்தார். ஒரு பேட்டரி, ஒரு பச்சை விளக்கு, எடைக்கு ஒரு உருண்டை பசை. வேறு ஒரு மண்ணும் இல்லை. திருப்பி அனுப்பும் கெடு முந்தின நாளோடு முடிந்திருந்தது. புகார் எழுதினால் பதில் இல்லை.

"அவன் கடையை மூட வைக்காம நான் ஓய மாட்டேன்" என்றார்.

அதற்கு வழி சொன்னவர் மெஷினைக் கொண்டுவந்து கொடுத்த பார்சல்காரர். "முன்னாடியே காசு கட்டினதுதான் தப்பு பெரியவரே. பார்சல் வந்ததும் தரேன்னு போட்டிருக்கணும். என் முன்னாடியே பிரிச்சுப் பார்த்து வேணாம்னு சொல்லியிருந்தா, போற செலவு வர்ற செலவு ரெண்டும் கடைக்காரன் தலையில. நிறைய திரும்பிச்சுன்னா ஆப்காரனே கடையைத் தூக்கிடுவான்."

அவர் பேச்சுவாக்கில்தான் கத்திச் சொன்னார். பாய்லர்க்காரர் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் இருபது பேரை மடக்கினார். தினமும் ஆளுக்கு ஒரு மெஷின், வந்ததும் காசு என்று ஆர்டர் போட வேண்டும்.

"எனக்கு எதுக்குண்ணே? வீட்டுக்காரி பேசறது கேக்காம இருந்தாத்தானே நிம்மதி?" என்று கத்தினான் ஃபிட்டர்.

"வாங்கச் சொன்னேனாடா? ஆர்டர்தானே போடச் சொன்னேன்."

பார்சல்காரர் ஆலைக் குடியிருப்பில் மாடி மாடியாக அலைய வேண்டாமென்று எல்லோரும் ஆலை கேட் விலாசத்தையே கொடுத்தார்கள். பேசுவதற்கு மருமகள் நம்பர்.

"இன்னிக்கு எத்தனை வேணாம்?" என்று கேட்டுக்கொண்டே வண்டியை நிறுத்துவார் பார்சல்காரர்.

"பதினாறு வேணாம்."

மூட்டை பிரியாமல் திரும்பிப் போகும். பாய்லர்க்காரர் கேட்டில் நின்று அதைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

மூன்றாம் வாரம் கடைக்காரன் போனில் வந்து அழுதான். "ஐயா, கடையைத் தூக்கப் போறாங்க. நிறுத்துங்க. நல்ல மெஷினா ஒண்ணு அனுப்பறேன்." மருமகள் அதை மாமனார் காதோரம் கத்திச் சொன்னாள்.

"அனுப்புற வேலையெல்லாம் வேணாம். பில்லோட நேர்ல கொண்டாரச் சொல்லு. மாட்டிப் பாத்துட்டுத்தான் பேச்சு."

பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, அவன் வந்தான். மடிப்புக் கலையாத சட்டை. மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. பாய்லர்க்காரர் அவனை உட்காரச் சொல்லவில்லை. பெட்டியில் பெரிய கடையின் பில் இருந்தது. மருமகளை அந்தக் கடைக்கே போன் போட்டுக் கேட்கச் சொன்னார். சரியாக இருந்தது. பிறகுதான் மாட்டிக்கொண்டு, மனைவியைப் பார்த்து, "அடுப்படிக்குள்ள போய் எதையாவது மெதுவாப் பேசு" என்றார்.

"வீடேறி வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க மனசு வருதா பாரு இந்த மனுஷனுக்கு" என்று அவள் உள்ளே முணுமுணுத்தாள்.

"தண்ணி ஒண்ணும் வேணாம்!" என்றார் இங்கிருந்து.

கடைக்காரன் கைகூப்பினான். "இனிமே ஆர்டர் வராதுல்ல ஐயா?"

வராது என்று அவர் தலையை ஆட்டினார். மெய்யாகவே விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் நினைத்தார். காது கிடைத்துவிட்டது. வீடும் தங்கும். போகட்டும், சனியன்.

கதவைச் சாத்தப் போனவர் அப்படியே நின்றார். இரண்டு மாடி கீழே, படிக்கட்டில், அவன் போனில் பேசிக்கொண்டே இறங்கினான்.

"கிழவனைச் சரிக்கட்டிட்டேன்டா. சரக்கு இன்னும் எவ்வளவு இருக்கு? எண்ணூறா? நாளைக்கே வேற பேர்ல கடையைத் திற. 'நல்லோசை'ன்னு போடு. கிழடுங்க பேரைப் பாத்தே வாங்கும்."

ஒரு எழுத்து தப்பவில்லை. முட்டாள்பயல் நல்ல மெஷினாகவே கொண்டுவந்திருக்கிறான்!

அவர் கைப்பிடிச் சுவரில் குனிந்து, வாயில் தேன் ஒழுக, "இருட்டா இருக்கு, பாத்து இறங்குப்பா" என்றார். உள்ளே வந்து கதவைத் தாழிட்டார்.

"முடிஞ்சுதா மாமா?" என்றாள் மருமகள்.

"கடைப் பேரு நல்லோசை. நாளைக்குத் திறக்கறான், எழுதி வச்சுக்கோ" என்றார். "இந்தத் தடவை ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்களையும் ஆர்டர் போடச் சொல்றேன்."