தாய்மாமன் பேனர்

மூத்திர நாற்றம் அடிக்கிற சுவரோரம்தான் அந்தப் பேனரைக் கட்டியிருந்தான் ராஜ்கமல். கடலூர் முதுநகரில் பஸ் ஏறும் இடம் அது. போகிற வருகிற அத்தனை பேர் கண்ணிலும் படுமாம். அக்காள் மகள் இளமதிக்கு மஞ்சள் நீராட்டு விழா. பட்டுப்புடவை, நெற்றிச்சுட்டி, சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு முகம். கறுப்பான பிள்ளையைக் கம்ப்யூட்டரில் அப்படி வெளுத்துவிட்டிருந்தார்கள். பந்தலைப் பிரித்து எத்தனையோ வாரம் ஆகியும் பேனர் மட்டும் இறங்கவில்லை.

ஒரு பெண்பிள்ளையின் உடம்பில் நடந்ததை ஊர் முழுக்கத் தமுக்கடித்துச் சொல்கிற இந்தக் கண்றாவியை எவன் ஆரம்பித்து வைத்தானோ, அவன் நாசமாய்ப் போக.

இளமதி ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக் கபடி அணியில் பாடிப் போகிறவள் அவள்தான். கோட்டைத் தாண்டினால் ஒருத்தியையாவது தொடாமல் திரும்பமாட்டாள். இப்போது பஸ் ஸ்டாப்பில் பையன்கள் பேனரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"டேய், பெரிய மனுஷி வர்றாங்க, எழுந்து நில்லுங்கடா!"

மைதானத்தில் ஓடும்போதும் அந்த இளிப்பே காதில் கேட்டது. முதலில் கால் வலி என்றாள். பிறகு போவதையே விட்டாள். சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை. குளிக்கும்போது தன் உடம்பைத் தானே பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டாள். அழுகின மீனைத் தொட்ட கை மாதிரி, எவ்வளவு சோப்புப் போட்டாலும் தன்மேல் ஏதோ நாறுவதாகவே அவளுக்குப் பட்டது.

அம்மா மங்கலம் தம்பியிடம் சொல்லிப் பார்த்தாள். "அத கழட்டிட்றா. புள்ள மொகமே சரியில்ல."

"என்னாக்கா நீ! இவ்ளோ பெருசா எவன் வெச்சிருக்கான்? காத்தடிச்சி கிழியற வரைக்கும் இருக்கட்டும். தாய்மாமன் கெத்து தெரிய வேணாமா?"

கெத்தாம், கெத்து! செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

சிதம்பரத்தில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும், கூட ஆடும் ஜெயராணி வீட்டுக்கே வந்துவிட்டாள். "இத விட்டா அடுத்த வருஷந்தான்டி. நீ வரலன்னா நானும் போவல."

சிதம்பரத்தில் தன்னை யாருக்கும் தெரியாது. அந்த ஒரு நினைப்புதான் இளமதியை பஸ் ஏற வைத்தது.

மைதானத்து வாசலுக்கு வந்தால், பல்லெல்லாம் தெரிய ராஜ்கமல் நிற்கிறான். தலைக்குமேல் புதுப் பேனர். அதே பட்டுப்புடவை, அதே சுண்ணாம்பு முகம். 'எங்கள் குலவிளக்கே, வெற்றி உனதே! இவண்: தாய்மாமன்.' பழைய படத்தையே தூக்கிப் போட்டிருந்தார்கள். அடியில் 'மஞ்சள் நீராட்டு' என்ற எழுத்துக்கூட முழுசாக அழியவில்லை.

வந்திருந்த பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். இளமதி ஓரமாய்ப் போய், காலையில் தின்ற இட்லியை அப்படியே வாந்தியெடுத்தாள்.

"என்னா பாப்பா, பஸ்ஸு ஒத்துக்கலயா?" என்று ஓடிவந்தான் ராஜ்கமல். அந்த மரமண்டைக்கு அவ்வளவுதான் எட்டியது.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அத கழட்டுங்க மாமா."

"உனக்காவத்தான வெச்சேன்?"

"எனக்காவவா? நல்லா பாருங்க. என் மூஞ்சவிட உங்க மூஞ்சிதான் பெருசா இருக்குது."

அவன் திரும்பிப் பார்த்தான். கூலிங் கிளாஸும் முறுக்கு மீசையுமாக முக்கால்வாசிப் பேனரை அவனே அடைத்துக்கொண்டிருந்தான்.

"அருவருப்பா இருக்குது மாமா. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. அத பாத்துப் பாத்து என் ஒடம்பே எனக்கு அருவருப்பா ஆயிடிச்சி. ரெண்டயும் கழட்டுங்க!"

அவள் கத்திய கத்தலில் மைதானமே திரும்பியது.  ராஜ்கமல் கழற்றுகிறானா இல்லையா என்று நின்று பார்க்காமல் இளமதி உள்ளே போய்விட்டாள்.

முதல் ஆட்டத்திலேயே பாடப் போனாள். ஒருத்தி காலைப் பிடித்தாள், ஒருத்தி இடுப்பை. மேலே இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். மண் வாய்க்குள் போனது. "கபடி, கபடி" என்று மூச்சு மட்டும் விடவில்லை. ஒரு மாதத்துக்கும் மேலாகப் பார்க்கவே கூசிய அந்த உடம்பு, நாலு பேரையும் இழுத்துக்கொண்டுபோய்க் கோட்டைத் தொட்டது.