நாத்தனாரின் மூக்கு

தையல்காரிக்குக் கருப்பைவாயில் புற்றுநோய். சிறுநீர்ப்பை வரை பரவிவிட்டதால் அதையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டிக் குழாயாக்கி, தொப்புளுக்கு வலப்பக்கம் வழிவிட்டு, அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். சிறுநீர் இனி அந்தப் பையில்தான்.

உடம்பு தேறிக் கடைக்குத் திரும்பியதும் அவள் கண்ணில் பட்டது, கடையில் கூடமாட வேலைசெய்யும் நாத்தனாரின் மூக்கு. துணி எடுக்கும் சாக்கில் பக்கத்தில் குனிவாள். மூக்கு ஒருதரம் விடைக்கும். பிறகு ஜன்னலைத் திறப்பாள்.

"புழுக்கமா இருக்கு அண்ணி."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அன்று முதல் எல்லார் மூக்கும் சந்தேகத்துக்குரியதாயிற்று. சளிபிடித்து மூக்கைத் துடைத்த வாடிக்கைக்காரியைக்கூட அவள் விடவில்லை. பையைத் தினமும் பிய்த்து மாற்றினாள், தோல் புண்ணானது. தண்ணீர் குடித்தால்தானே பை நிறையும்? அதையும் குறைத்தாள்.

ஒரு மத்தியானம் துணிமூட்டைக்குப் பின்னால் நாத்தனார் போனில் கிசுகிசுத்தாள்: "இன்னிக்கு வாடை ரொம்ப மோசமா இருக்கு…"

தையல்காரி கத்தரிக்கோலை மேஜைமேல் ஓங்கி வைத்தாள். "என் நாத்தத்தை ஊருக்கே தண்டோரா போடுறியா?"

"ஐயோ, ஆஸ்பத்திரி நர்ஸ்கிட்டதான் பேசுறேன் அண்ணி. வாடை மாறினா உடனே சொல்லச் சொல்லியிருக்காங்க."

"அதுக்குத் திருட்டுப் பூனை மாதிரி மோந்து பாப்பியா?"

"கேட்டா மனசொடிஞ்சு போவீங்களேன்னுதான்."

"கதை விடாதே. போனைக் கொடு."

பேசியது நர்ஸ்தான். "குளிர் நடுக்கம் இருக்கா? தண்ணி குடிக்கிறீங்களா?" காலையிலிருந்தே கை நடுங்கியது. கோபத்தில்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது கிருமி சிறுநீரகம்வரை ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகமே கெட்டிருக்கும் என்றார் டாக்டர். ஊசிமருந்து நரம்பில் இறங்கியது. தண்ணீரைக் குறைத்ததற்கு நர்ஸ் கடிந்துகொண்டாள்.

நாத்தனார் டீ வாங்கப் போன சமயம் பார்த்துத் தையல்காரி நர்ஸிடம் மெல்லக் கேட்டாள்: "நெஜமாவே நீங்கதான் அவளை மோந்து பாக்கச் சொன்னீங்களா?"

"நான்தான். ஆனா உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்யச் சொன்னேன்."

டீயோடு வந்தவளைத் தையல்காரி முறைத்தாள். "இனிமே எதுவானாலும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லு."

"சொன்னா அடிப்பீங்களே!"

"அடிப்பேன்தான். ஆனாலும் சொல்லு."